மலையகத்தார் குடிவழியும் பதிவேடுகளும்

ஒரு குடியின் வரலாற்றை அறிய விழைவோர்க்குப் பல்வகைச் சான்றுகள் துணைபுரிதலை யாவரும் அறிவர். அரசர் மரபினைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். கோயிலாரின் மரபினைக் கோயிற் கணக்குக் கூறும். நிலமுடையாரின் மரபினை உறுதியும், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும் கூறும். ஆயின், நிலமும் பட்டமுமின்றி, உழைப்பொன்றையே உடைமையாகக் கொண்டு கடல்கடந்து வந்து, நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலாய மலைச்சாரல்களைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய தமிழ் மக்களின் குடிவழியை எந்த ஏட்டிற் காண்பது?

பிறப்பு, விவாகம், இறப்பு என்னும் மூன்றனையும் அரசாங்கம் பதிந்து வைத்த ஏடுகளே இதற்கு முதற்சான்று என்பர். அவை தோட்டத்தின் கணக்குக்காகவும் அரசாங்க நிருவாகத்துக்காகவும் எழுதப்பட்டவை. குடும்பத்தின் நினைவுக்கென எழுதப்பட்டவையல்ல. இருந்தும், 1948ஆம் ஆண்டின்பின் ஒருவர் எந்நாட்டுப் பிரஜை என்னும் வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு அவ்வேடுகளின்மேலே விழுந்தது. எழுதப்பட்ட நோக்கம் ஒன்று, பின்னர்ப் பயன்பட்ட நோக்கம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலே ஒரு சமூகத்தின் வாழ்வு அகப்பட்டுக்கொண்ட வரலாற்றையும், அவ்வேடுகளை இன்று தேடிப் படிக்கும் முறையினையும் ஈண்டு நோக்குவாம்.

பதிவு தோன்றுமுன்

இலங்கையிற் பிறப்பு, இறப்புகளைப் பொதுவாகப் பதியும் முறை 1867ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிட்டதும் அதே ஆண்டிலேயாம். ஆயின் தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டுக்கு வரத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகட்கு முன்னர், கோப்பிப் பயிர்ச்செய்கை கம்பளைப் பக்கத்திலே தோன்றிய 1820களிலாகும். ஆகவே முதல் இரண்டு தலைமுறையினரின் வருகைக்கோ, பிறப்புக்கோ, இறப்புக்கோ குடியியற் பதிவேடு சான்றாகாது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, இடைவழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோரின் பெயர்களை எழுதிவைத்தவர் ஒருவருமிலர்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையேயுள்ள வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவதொன்று. கோப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்கே பெருந்தொகையான கூலியாட்கள் வேண்டப்பட்டனர். பருவம் முடிந்ததும் அவருட் பலர் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைப் படிப்படியாக அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. பறிப்போருட் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே குடும்பங் குடும்பமாக மக்கள் லயங்களில் நிலைகொண்டனர். புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. மலைநாட்டிற் பிறந்த தலைமுறை பெருகத் தொடங்கியது இக்காலத்திலேதான். குடிவழி தேடுவோர் பிறப்பேடுகளிற் பெரிதும் எதிர்பார்க்கத்தக்க காலமும் 1880களின் பின்னுள்ள காலமேயாம்.

கப்பற் சீட்டில்லாப் பயணம்

பிறநாடுகளுக்குச் சென்ற தமிழரோடு ஒப்பிடுமிடத்து ஒரு வியப்பான உண்மை புலனாகும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கும், 1879 முதல் 1916 வரை பீஜித்தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் என்பன அதில் எழுதப்பட்டன. மொரீசியசுத் தீவின் ஒப்பந்தக் கூலிகளைப்பற்றிய ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலே பேணப்படுகின்றன. அந்நாடுகளில் வாழ்வோர் தம் பூட்டனின் ஊரை ஒரே தாளிற் கண்டறிதல் கூடும்.

இலங்கைக்கு வந்தோர் அவ்வாறு ஒப்பந்தத்தால் வந்தவரல்லர். கங்காணி ஊருக்குச் சென்று தன் உறவினரையும் அயலவரையும் முன்பணங் கொடுத்துத் திரட்டி வந்தான். சட்டத்தின் கண்ணில் அவர் தாமே விரும்பி வந்தவர் ஆதலின், தனித்தனி ஒப்பந்தத் தாள் எழுதப்படவில்லை. கங்காணியின் கடன் கணக்கிலேதான் பெயர் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவோர் தம் கடன்தொகை எழுதப்பட்ட துண்டினைப் பெற்றே சென்றனர். அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகுத்தப்பட்ட தகர வில்லையிலும் தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணுமே பொறிக்கப்பட்டன. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத்துரைமாரின் ஆட்சேர்ப்பு அமைப்பு நிறுவப்பட்டபின்னும், மண்டபம் முகாம் வழியாகப் பயணம் ஒழுங்குபடுத்தப்பட்டபின்னுமே பயணிகளைப்பற்றிய எழுத்துச் சான்றுகள் பெருகின. கட்டுண்டு போனவனுக்குத் தாள் இருந்தது. கட்டற்றவன் எனப்பட்டவனுக்கு அதுவும் இல்லாதொழிந்தது.

பிறப்புப் பதிவு

தோட்டத்துப் பிறப்பும் இறப்பும் பதியப்பட்ட வழி கிராமத்து வழியின் வேறானது. கிராமத்திலே தந்தை அல்லது உறவினர் பதிவுகாரரிடஞ் சென்று அறிவிப்பார். தோட்டத்திலோ, தொழிலாளரிடையே நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கும் கடமை தோட்டத்துரையைச் சார்ந்தது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் தோட்டங்களுக்கென இத்தகைய தனியேற்பாட்டினை வைத்துள்ளது. நடைமுறையிலே, லயத்தில் நிகழ்ந்ததைக் கங்காணியோ மருத்துவிச்சியோ சொல்ல, கந்தோரிலே கிளாக்கர் எழுத, துரை கையொப்பமிட்டு அனுப்புவார். பெற்றோரின் வாய்மொழி மூன்று கைகளைக் கடந்தே ஏட்டினை அடைந்தது.

இதனால் விளைந்த குறைகள் சில. முதலாவது, பெயரின்மை. நம்மவர் வழக்கப்படி பிள்ளைக்குப் பெயரிடுதல் பதினாறாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ நிகழும். அறிக்கை அதற்குமுன் போய்விடின் பிள்ளை பெயரின்றியே பதியப்படும். பின்னர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தந்ததெனினும், அதனை அறிந்து செய்தோர் சிலரே. ஆகவே பாட்டனாரின் பெயரை ஏட்டிலே தேடிக் காணாதவர், அதே தந்தை பெயரும் அதே தோட்டமும் உள்ள பெயரில்லா ஆண்பிள்ளை எவரும் உளரோ எனவும் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்து மாற்றம். தமிழிற் சொன்ன பெயரைக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதினார். பிற்காலத்தில் அது சிங்களத்தில் எழுதப்பட்டு, மீண்டும் தமிழுக்கு வந்தது. ழகரமும் ளகரமும் லகரமும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட, வள்ளியம்மை வல்லியம்மாவானாள், அழகன் அலகனானான். வீட்டில் முத்தன் என்றழைக்கப்பட்டவர் செக்ரோலில் முத்துச்சாமியாகவும், பிறப்பேட்டில் முத்தையாவாகவும் இருத்தல் அரிதன்று. உத்தியோகத்தர் முன்னே இம்மூவரும் ஒருவரே என நிறுவுதல் எத்துணைத் தொல்லை என்பதைப் பட்டோர் அறிவர்.

மூன்றாவது, இடப்பெயர். தோட்டத்துக்குத் தாளிலே ஆங்கிலப்பெயர் ஒன்றும் மக்கள் வாயிலே தமிழ்ப்பெயர் ஒன்றும் வழங்கின. தோட்டங்கள் பிரிந்தும் சேர்ந்தும் பெயர் மாறின. பழைய மஸ்கெலியா நகரமே 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. அன்றியும், ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் உடபுலத்கமைப் பிரிவிலே கண்டி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தன. ஆகவே இன்றைய நுவரெலியா மாவட்டத்து ஏடுகளை மாத்திரம் தேடி, இல்லையென்று அமைதல் பொருந்தாது.

தாலியும் பதிவும்

விவாகப் பதிவே மூன்றனுள்ளும் மிக அருகியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ லயத்து வாசலிலோ உறவினர் கூடித் தாலிகட்டுவதே விவாகம் எனக் கொள்ளப்பட்டது. அத்தகைய வழக்கத் திருமணத்தை நாட்டின் சட்டமும் ஏற்றுக்கொள்கின்றது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவு திருமணத்துக்குச் சிறந்த சான்று மாத்திரமே. பதிவில்லாமையால் திருமணம் செல்லாதொழிவதில்லை.

ஆயினும் ஏட்டின் ஒரு சிறு கட்டம் பெருந்தீங்கு செய்ய வல்லதாயிற்று. பிறப்புப் பதிவுப் படிவத்திலே பெற்றோர் விவாகமானவரோ என ஒரு வினா இருந்தது. பதிவுத்தாளைக் காட்ட இயலாதவிடத்து அதற்கு இல்லை என எழுதப்படுமாயின், தந்தையின் விபரம் தாயும் தந்தையும் கூடிக் கேட்டாலன்றி ஏட்டில் ஏறாது. தந்தைவழி பற்றியே பிரஜாவுரிமையைக் கணித்த சட்டத்தின்கீழ்த் தந்தையில்லாப் பதிவு எத்தகைய இழப்பென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊரறியத் தாலி பூண்ட தாயை விவாகமாகாதவள் என ஒரு தாள் கூறுமாயின், அது பதிவின் குறையேயன்றிக் குடும்பத்தின் குறையன்று. இதனைக் குடிவழி எழுதுவோர் மனங்கொளல் வேண்டும்.

இறப்புப் பதிவு

இறந்தோரைப்பற்றிய பதிவு பலராற் புறக்கணிக்கப்படுவது. உண்மையில் அது பிறப்பேட்டின் குறையை நிரப்ப உதவும். இறந்தவரின் வயதைக் கொண்டு பிறந்த ஆண்டினை ஏறத்தாழக் கணிக்கலாம். பெற்றோர் பெயர் எழுதப்பட்டிருப்பின் ஒரு தலைமுறை மேலே செல்லலாம். எனினும் அவ்வயது மதிப்பீடே. இறப்பின் காரணமாக எழுதப்பட்ட சொல்லும் நம்மைச் சிந்திக்கச் செய்வது. பலவீனம் என்றோ காய்ச்சல் என்றோ சுருங்க எழுதிய ஒரு சொல்லுக்குள் கொக்கிப்புழு நோயும் பட்டினியும் மலைக்குளிரும் அடங்கிக் கிடத்தல் கூடும்.

இலங்கையில் அடக்கஞ் செய்யப்பட்ட ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் 1913இல் நூலாக்கினார். துரைமார் பலரின் குடிவழியை அந்நூல் கொண்டே அறியலாம். அதே மலைகளிற் புதைக்கப்பட்ட தொழிலாளர்க்குக் கல்லுமில்லை, நூலுமில்லை. தேயிலைச் செடியே மேலே நின்றது. அவர்க்குக் கந்தோரிலிருந்து போன இறப்பறிக்கையே கல்லறை வாசகம்.

பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முன்னரே இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரஜையாதற்கு, அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவரும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்.

இக்கேள்வியை ஏடுகளின் காலத்தோடு பொருத்திப் பார்ப்போம். 1948இல் நாற்பது வயதுடைய ஒரு தொழிலாளி 1908இல் மஸ்கெலியாவிற் பிறந்தவர் என்க. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டெனக் கொள்ளின், அவர் தந்தை 1883ஐ ஒட்டியும், பாட்டன் 1858ஐ ஒட்டியும், பூட்டன் 1833ஐ ஒட்டியும் பிறந்திருப்பர். தந்தை தமிழகத்திற் பிறந்தவராயின், பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமையைக் காட்டல் வேண்டும். ஆனால் பொதுப்பதிவு தொடங்கியதோ 1867இலே. அரசாங்கம் தான் எழுதத் தொடங்காத காலத்து ஏட்டினை ஏழைத் தொழிலாளியிடங் கேட்டது. 1833இலே மஸ்கெலியாக் காடு கோடரி காணாதிருந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

தந்தை இலங்கையிற் பிறந்தவராயினும் இடர் நீங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லுதல் தமிழர் வழக்கு. தாய்வீடு புதுக்கோட்டையிலோ சேலத்திலோ இருந்தால், லயத்திலே வளர வேண்டிய பிள்ளை அங்கே பிறந்தது. சில மாதங்களில் மலைக்கு மீண்டு தன் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தாலும், பிறந்த இடம் என்னும் கட்டத்தில் அவன் அயலானே.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது, விவாகமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் வதிந்தமையை நிறுவல் வேண்டும். ஒரே முறையிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு நாட்டைவிட்டு நீங்கியிருத்தல் தொடர்ச்சிக்குத் தடை. விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை இரண்டாண்டே தவணை. இங்கே செக்ரோலும், தோட்டப் பாடசாலைச் சேர்விடாப்பும், பிறப்புச் சாட்சிப்பத்திரமும் ஒருங்கே வேண்டப்பட்டன. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே. 1964 ஒக்டோபர் 30இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சிய 975,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிடத் தொடங்கியது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மிகுதி 150,000 பேரை இருநாடும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு கண்டனர். நாடற்றோராய் நின்றவர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவாக வழி செய்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர் வழித்தோன்றல்களும் பிரஜைகளாகலாம் என அது விதித்தது.

இவ்வரலாறு பிறப்பேட்டின் உருவத்தையே மாற்றியது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான படிவத்திலே, பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் ஆண்டும் இடமும், தந்தை இலங்கையிற் பிறவாதவிடத்துப் பூட்டனின் விபரமும் எழுதக் கட்டங்கள் அமைந்தன. குடிவழி ஆராய்வோனுக்கு இவை பெருநிதி. ஒரே தாளில் நான்கு தலைமுறையும் காணக் கிடைக்கும். அதே கட்டங்கள் ஒருகோடிட்டு வெறுமையாய் விடப்பட்டமையும் மலையகத்தில் மிகுதி. அக்கோடு முன்னோர் இல்லை என்று கூறுவதன்று. முன்னோர் வேறு கரையிற் பிறந்தார் என்றோ, சான்று கைக்கெட்டவில்லை என்றோ கூறுவது. இலங்கை அரசின் ஆவணக் காப்பகம் 1950களில் நுவரெலியா நகரிலேயே இயங்கியது. நாட்டின் பழம் ஏடுகள் பேணப்பட்ட அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலேதான் ஏடின்மையால் நாடிழந்தோர் பல்லாயிரவர் வாழ்ந்தனர்.

தேடும் முறை

இன்று தன் குடிவழியைத் தேடுவோன் அண்மையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். முதலில் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம், பிரிவு, பெரிய கங்காணியின் பெயர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. கங்காணியின் பெயர் எதற்கெனின், ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் பெரும்பாலும் ஓரூரார் அல்லது உறவினராவர்.

அடுத்து, நிகழ்ச்சி பதியப்பட்ட இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பெயர், பெற்றோர் பெயர், தேதி, இடம் என்பன எவ்வளவு திருத்தமாகத் தரப்படுகின்றனவோ அவ்வளவு எளிதிற் பதிவு கிடைக்கும். தேதி தெரியாதவிடத்துக் குறித்த கால எல்லைக்குள் ஏட்டினைத் தேடுவிக்கலாம். பதிவு காணப்படவில்லை என்னும் விடை வருமாயின் அதனையும் எழுத்திற் பெற்றுக்கொள்க. காலங்கடந்த பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் அது வேண்டப்படும். உத்தேச வயதுச் சான்றிதழிலுள்ள ஆண்டு பெயருக்கேற்ப உத்தேசமே. வரலாற்றுச் சான்றாக எடுத்தாளும்போது அவ்வாறே குறித்தல் முறை.

அரசாங்க ஏடு கைவிட்டவிடத்துத் துணையேடுகள் உதவும். செக்ரோல், பிரசவச் சகாய நிதிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதித் தாள், பாடசாலைச் சேர்விடாப்பு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, கிறித்தவராயின் திருச்சபை ஞானத்தீட்டு ஏடு ஆகியன அத்தகையன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. இவ்வாறு கைமாறிய கந்தோர்களிலே பழைய செக்ரோல்கள் எஞ்சியுள்ளனவோ என முற்பட விசாரித்தல் நன்று.

கடலுக்கு அப்பால்

தமிழகத்திலே தேடவேண்டுவது ஊர்ப்பெயர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்தே பெரும்பாலோர் வந்தனர். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம முன்சீப்புகள் பிறப்பு இறப்புப் புத்தகம் எழுதினர். பரம்பரைக் கிராம உத்தியோகம் 1980இல் ஒழிந்தபின் கிராம ஏடுகள் புதிய அலுவலர் கைக்கு மாறின. ஆதலின் தாலுகா அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும். ஊர்ப்பெயர் மறந்த குடும்பத்தாரும் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. அத்தெய்வத்தின் கோயில் எவ்வூரில் உள்ளதென்று அறியின், பங்காளிகளை அங்கே காணலாம். ஒப்பந்தத்தின்கீழ்த் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்து, நீலகிரி முதலிய இடங்களிற் குடியமர்ந்தோர் வைத்திருந்த குடும்ப அட்டையும் இருகரையையும் இணைக்கும் நற்சான்றாகும். ஒரே வயிற்றிற் பிறந்தோர் ஒருவர் இந்தியப் பிரஜையாகவும் மற்றவர் இலங்கைப் பிரஜையாகவும் பிரிந்தமையை அவ்வட்டைகளிற் காணலாம்.

முடிவுரை

ஏடு எழுதியோர் கருதியதைமட்டும் ஏடு கூறும். தோட்டக் கந்தோர் உழைப்பாளரின் எண்ணிக்கையைக் கருதியது. அரசாங்கம் அவர் எந்நாட்டவர் என்பதைக் கருதியது. அவர் யாருடைய மகன், யாருக்குத் தாய், எவ்வூர் மண்ணை விட்டு எம்மலையிற் புதைந்தார் என்பதைக் கருத வேண்டியோர் வழித்தோன்றல்களாகிய நாமே. நம் கல்லூரியிற் பயிலும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையிலே வீட்டு முதியோரிடம் அமர்ந்து நான்கு தலைமுறைப் பெயரையும், தோட்டத்தையும், ஊரையும், குலதெய்வத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாராக. ஏனைய மாணவர் தம் அயல்வீட்டாருக்கு விண்ணப்பம் எழுத உதவுவாராக. பிறப்பேட்டில் ஒருகோடிட்டு விடப்பட்ட பாட்டன் கட்டத்தை நிரப்பும் மை அம்முதியோரின் நினைவிலேதான் உளது. அது வற்றுமுன் எழுதுதல் நம் கடன்.